பனாமாக் கால்வாயும் பத்து டொலர் நுளம்பும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. உடலைப் பேணாதவன் எதனையும் சாதிக்கமாட்டான் என்பதே அதன் கருத்து. தொழில் நடத்துவோர் நெடுங்காலமாக இதனைத் தனிமனிதனுக்குரிய அறிவுரையாகவே கொண்டிருந்தனர். கூலியும் வேலையும் கணக்குப் புத்தகத்துக்கு உரியவை. வேலைசெய்வோனின் உடல்நலம் அவனுடைய சொந்தக் காரியம் என்பதே அவர்களுடைய எண்ணம். தொழிலாளரின் சுகத்துக்கெனச் செலவிடும் பணம் தருமக் கணக்கிற் சேருமேயன்றி முதலீட்டிற் சேராது என்று அவர்கள் நம்பினர்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை உலகம் பல இடங்களிற் கற்றுக்கொண்டது. ஆயினும் பனாமாக் கால்வாயின் வரலாற்றைப்போல அதனைத் தெளிவாக உணர்த்தும் வரலாறு வேறொன்றைக் காண்பது அரிது. அங்கே ஒரே நிலத்தில், ஒரே மழையிலும் ஒரே சேற்றிலும், ஒரே நோக்கத்துடன் இரண்டு நாட்டார் அடுத்தடுத்து வேலை செய்தனர். முதலில் வந்தவர்கள் தோற்றனர். பின்னர் வந்தவர்கள் வென்றனர். அவ்வெற்றிக்கும் தோல்விக்கும் காரணங்கள் பல. எனினும் அவற்றுள் முதன்மையான ஒன்று, தொழிலாளியின் உடல்நலத்தைத் தொழிலின் பகுதியாகக் கருதினார்களா என்பதேயாகும்.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் பனாமா ஒடுங்கிய நிலப்பகுதி. அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே அங்கு ஏறத்தாழ 50 மைல் தூரமே உண்டு. இந்நிலத்தை வெட்டிக் கால்வாய் அமைத்தால், தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களுக்கு ஆயிரக்கணக்கான மைல் தூரம் மிச்சமாகும். ஆனால் அந்நிலம் எளிதில் இடங்கொடுப்பதன்று. கரிபியன் கடலை அடுத்த பகுதியில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கும் மேலாக மழை பெய்யும். சாகிரஸ் ஆறு பெருக்கெடுத்தால் ஓரிரவிலே கரைகளை விழுங்கிவிடும். காடும் சதுப்பும் நிறைந்த அப்பிரதேசத்தில் மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும் நிரந்தரமாகக் குடிகொண்டிருந்தன.

1869ஆம் ஆண்டு சுயெஸ் கால்வாயைத் திறந்து உலகப்புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரரான பேர்டினாண்டு டி லெசெப்ஸ் பனாமாவிலும் அவ்வாறே செய்துவிடலாம் என்று புறப்பட்டார். அவருடைய பெயரை நம்பிப் பிரான்சு நாட்டின் சிறுகடைக்காரரும் விதவைகளும் உழவரும் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினர். பணம் போட்டவர்களின் தொகை ஏறத்தாழ எட்டு இலட்சம் ஆயிற்று. 1881இல் வேலை தொடங்கியது.

தொடங்கிய சில மாதங்களிலேயே சாவும் தொடங்கியது. மழைக்காலம் வந்ததும் வைத்தியசாலைகள் நிரம்பின. தொழிலாளரிற் பெரும்பாலோர் ஜமெய்க்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பு மக்கள். 1884இல் ஏறத்தாழ 19,000 பேர் வேலையில் இருந்தனர். ஆனால் அத்தொகையை ஒரே அளவில் வைத்திருப்பதே பெரும்பாடாயிற்று. இன்று வந்து பெயர் பதிந்தவன் ஒரு மாதத்தின்பின் படுக்கையிற் கிடந்தான். அல்லது மண்ணுக்குள் இருந்தான். அவனுடைய இடத்தை நிரப்ப இன்னொரு கப்பல் வரவேண்டும். அதில் வருபவனுக்கு வேலை பழக்கவேண்டும். பழகுமுன் அவனும் வீழ்ந்தான்.

மேலதிகாரிகளும் தப்பவில்லை. 1883இல் தலைமைப் பொறுப்பை ஏற்றுக் குடும்பத்துடன் வந்த யூல் டிங்கிளர் என்னும் பொறியியலறிஞர், தம் மகளையும் மகனையும் மகளுக்கு நிச்சயித்திருந்த மணமகனையும் இறுதியில் மனைவியையும் பனாமா மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தனிமரமாய் ஊர் திரும்பினார்.

பிரெஞ்சுக்காரர் நோயாளரைப் புறக்கணித்தார்கள் என்று கூறுவது நேர்மையன்று. அங்கோன் என்னும் குன்றின் சாரலில் அவர்கள் அமைத்த வைத்தியசாலை அந்நாளில் அப்பிரதேசம் கண்டிராத சிறப்புடையது. கன்னியாஸ்திரீகள் இரவுபகலாகத் தொண்டு செய்தனர். சுற்றிலும் அழகிய தோட்டம் இருந்தது. இலைவெட்டும் எறும்புகள் செடிகளை அழிக்காதபடி செடிகளின் அடியைச் சுற்றி நீர் நிறைந்த மண்தொட்டிகளை வைத்தனர். நோயாளரை எறும்பு அணுகாதபடி கட்டிற்கால்களை நீர்க்கிண்ணங்களுள் நிறுத்தினர். சன்னல்களுக்கு வலை இல்லை. அசையாத அந்த நீரிலேதான் நுளம்புகள் முட்டையிட்டுப் பெருகின. ஒரு கட்டிலிற் கிடந்தவனிடமிருந்து அடுத்த கட்டிலிற் கிடந்தவனுக்கு அவை நோயைக் கொண்டுசென்றன. காலை முறித்துக்கொண்டு வந்தவன் காய்ச்சலால் இறந்தான். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்தது என்பதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் இல்லை.

அக்காலத்து மருத்துவ அறிவு அவ்வளவே. சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று எல்லோரும் நம்பினர். கியூபாவின் தலைநகரான ஹவானாவில் காலோஸ் பின்லே என்ற வைத்தியர், மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது ஒருவகை நுளம்பே என்று 1881இல் எடுத்துரைத்தார். பிரெஞ்சுக்காரர் பனாமாவில் வேலை தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். பின்லேயின் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆயினும் அறியாமையால் விளைந்தது ஒரு பகுதியே. கணக்கால் விளைந்தது மற்றொரு பகுதி. கம்பனி பெரும்பாலான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தது. ஒப்பந்தக்காரருடைய ஆள் ஒருவன் வைத்தியசாலையிற் சேர்ந்தால், அவனுக்காக நாளொன்றுக்கு ஒரு டொலர் வீதம் அவர்கள் கட்டவேண்டும். எனவே காய்ச்சல் கண்டவனை வைத்தியசாலைக்கு அனுப்புவதைவிட வேலையிலிருந்து நீக்கிவிடுவது அவர்களுக்கு இலாபமாயிற்று. நீக்கப்பட்டவன் பாதையோரத்திலும் குடிசையிலும் இறந்தான். அவனுடைய சாவு கம்பனியின் ஏட்டில் ஏறவில்லை. வைத்தியசாலைப் பதிவேடுகள் ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சாவுகளையே காட்டின. பிற்காலத்தில் அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர் வில்லியம் கோர்காஸ், உண்மைத் தொகை ஏறத்தாழ 22,000 இருக்கும் என மதிப்பிட்டார். அவ்வாறு ஒரு டொலரை மிச்சம்பிடித்தவர்கள் தங்களை அறியாமலே முழுத்தொழிலின் வேரையும் அறுத்துக்கொண்டிருந்தனர்.

1889 பெப்ரவரியிற் கம்பனி முறிந்தது. நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட பிராங்குகள் கரைந்தன. கடல்மட்டத்திலே கால்வாய் வெட்ட முயன்ற தவறான திட்டம், மீண்டும் மீண்டும் சரிந்துவிழுந்த குலெப்ரா மலை, பாரிஸ் நகரத்து ஊழல் ஆகிய யாவும் அவ்வீழ்ச்சிக்குக் காரணங்களாகும். ஆனால் பழகிய தொழிலாளரை நிலையாக வைத்திருக்க முடியாத ஒரு தொழில், நல்ல திட்டத்துடன் தொடங்கியிருந்தாலும் நெடுந்தூரம் சென்றிராது.

இதற்கிடையில் மருத்துவ அறிவு வளர்ந்தது. இந்தியாவிலே செகந்தராபாத்தில் இராணுவ வைத்தியராக இருந்த றொனால்ட் றொஸ், மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை 1897 ஆகஸ்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் மூலம் கண்டார். 1900இல் வால்ற்றர் றீட் தலைமையில் ஹவானாவிற் சோதனை நடத்திய அமெரிக்க இராணுவ வைத்தியர்கள், பின்லேயின் கொள்கை சரியே என நிறுவினர். அச்சோதனையின்போது ஜெசி லசியர் என்ற வைத்தியர் நோய்கண்டு உயிரிழந்தார். அவ்வறிவைக் கையிற்கொண்டு ஹவானா நகரத்து நுளம்புகளின்மேற் படையெடுத்தவரே கோர்காஸ். பல தலைமுறைகளாக அந்நகரை வாட்டிய மஞ்சட் காய்ச்சல் 1901ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து மறைந்தது.

1904 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் பிரெஞ்சுக்காரரின் சொத்துகளை நாற்பது மில்லியன் டொலருக்கு வாங்கிக் கால்வாய் வேலையை மேற்கொண்டது. சுகாதாரப் பகுதிக்குக் கோர்காஸ் தலைவராக வந்தார். ஹவானாவின் அனுபவம் கண்முன் இருந்தமையால் வழி தெளிவாயிருக்கும் என்று எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. கால்வாய் ஆணைக்குழுவின் தலைவரான அட்மிரல் வோக்கர் சிக்கனத்தில் உறுதி கொண்டவர். பிரெஞ்சுக்காரரின் ஊதாரித்தனத்தைப் பற்றிய பேச்சு எங்கும் பரவியிருந்தபடியால், ஒரு சதமேனும் வீணாகிவிடலாகாது என்பதே அவருக்குப் பெருங்கவலை. நுளம்பு நோயைப் பரப்புகிறது என்பது அவருக்கும் உடனிருந்த பலருக்கும் வேடிக்கைக் கதையாகத் தோன்றியது. கோர்காஸ் கேட்ட கம்பி வலையும் மருந்துப் பொருள்களும் வெட்டிக் குறைக்கப்பட்டன, சில மறுக்கப்பட்டன. வீடுகளுக்கு வெள்ளையடித்துக் குப்பையை அகற்றினாற் போதும் என்று அவருக்குப் புத்தி புகட்டப்பட்டது.

அச்சிக்கனத்தின் விலை விரைவில் வெளிப்பட்டது. 1905இன் முற்பகுதியில் மஞ்சட் காய்ச்சல் பரவலாயிற்று. பனாமா நகரிலிருந்த தலைமை அலுவலகத்துக்குள்ளேயே அது புகுந்தது. எழுதுவினைஞரும் படம் வரைவோரும் பொறியியலறிஞரும் துறைமுகத்தை நோக்கி ஓடினர். அமெரிக்க உத்தியோகத்தரில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் நாட்டைவிட்டே வெளியேறினர். தலைமைப் பொறியியலறிஞர் ஜோன் வலஸ் தமக்கும் மனைவிக்குமாக உலோகச் சவப்பெட்டிகள் இரண்டை உடன்கொண்டு வந்திருந்தார் என்ற செய்தி வாய்வழியாகப் பரவி, எஞ்சியிருந்தவர்களின் துணிவையும் குலைத்தது. ஜூன் மாதத்தில் அவரும் பதவி துறந்தார். ஓராண்டு வேலையும் அதற்கிட்ட பணமும் பெரும்பாலும் பயனற்றுப் போயின. வலைக்கும் மருந்துக்கும் மறுத்த தொகையைவிட எத்தனையோ மடங்கு பணம், விட்டோடிய ஆட்களின் பயணச் செலவிலும் நின்றுபோன இயந்திரங்களிலும் அழிந்தது.

புதிய ஆணைக்குழுவின் தலைவராகிய தியடோர் சோன்ற்ஸ், கோர்காஸை நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கவேண்டுமெனக் கேட்டார். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் தம் நண்பரான வைத்தியர் அலெக்சாந்தர் லம்பேட்டை அழைத்துக் கருத்துக் கேட்டார். கால்வாய் அமையவேண்டுமானால் கோர்காஸ் இருக்கவேண்டும். அவரை நீக்கினாற் பிரெஞ்சுக்காரருக்கு நேர்ந்ததே நேரும் என்பதே லம்பேட் கூறியதன் சாரம். ரூஸ்வெல்ட் கோர்காஸின் பக்கம் நின்றார்.

1905 ஜூலையிற் புதிய தலைமைப் பொறியியலறிஞராக ஜோன் ஸ்டீவன்ஸ் வந்து சேர்ந்தார். அவர் புகையிரதப் பாதை அமைப்பதில் முதிர்ந்த அனுபவமுடையவர். பனாமாவில் மூன்று நோய்கள் உண்டு; மஞ்சட் காய்ச்சல், மலேரியா, அச்சம் என்பன அவை; மூன்றிலும் கொடியது அச்சமே என்று அவர் தம் உத்தியோகத்தருக்குக் கூறினார். ஆனால் வீரவார்த்தையோடு அவர் நின்றுவிடவில்லை. ஆகஸ்டு முதலாந் தேதியன்று மண்வெட்டும் வேலையையே நிறுத்திவிட்டார். எவ்வளவு மண் தோண்டப்பட்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் அது பெருந்துணிவான செயல். முதலில் வீடு, முதலில் நல்ல தண்ணீர், முதலில் உணவு, முதலில் நுளம்பு ஒழிப்பு. பிறகுதான் மண் என்பது அவருடைய ஒழுங்கு. கோர்காஸ் கேட்டவற்றை அவர் கேட்டபடியே கொடுத்தார்.

அதன்பின் நடைபெற்றது சுகாதாரப் பணி என்பதைவிடப் போர் என்பதே பொருந்தும். நாலாயிரம் பேர்கொண்ட சுகாதாரப் படை எழுந்தது. 120 தொன் பூச்சிகொல்லித் தூளும் 300 தொன் கந்தகமும் தருவிக்கப்பட்டன. மாதந்தோறும் 50,000 கலன் மண்ணெண்ணெய் வந்தது. செப்புக்கம்பி வலைக்கு மாத்திரம் 90,000 டொலர் செலவாயிற்று. பனாமா நகரில் ஒவ்வொரு வீட்டின் கதவிடுக்கும் சன்னலிடுக்கும் கடதாசியால் அடைக்கப்பட்டு உள்ளே புகையூட்டப்பட்டது. மழைநீர்ப் பீப்பாய்களுக்கு மூடியிடப்பட்டது. புழு காணப்பட்ட வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் தண்டனையைவிடப் பெரும்பயன் அளித்தது குழாய்நீரே. வீட்டு வாயிலுக்குச் சுத்தமான நீர் வந்ததும் பீப்பாய் வேண்டாததாயிற்று. பீப்பாய் போனதும் மஞ்சட் காய்ச்சல் நுளம்பின் தொட்டிலும் போயிற்று. தெருக்கள் செப்பனிடப்பட்டன, கழிவுநீர் வாய்க்கால்கள் அமைக்கப்பட்டன.

1905 நவம்பர் 11ஆம் தேதி பனாமா நகரத்தில் மஞ்சட் காய்ச்சலால் ஒருவர் இறந்தார். அவருடைய சடலத்தைச் சுற்றிநின்ற இளம் வைத்தியர்களிடம், இதனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி இங்கே இந்நோயைக் காணமாட்டீர்கள் என்று கோர்காஸ் சொன்னாராம். அந்நகரைப் பொறுத்தவரையில் அவர் சொன்னது பலித்தது.

மலேரியா அவ்வளவு எளிதாக அடங்கவில்லை. மஞ்சட் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு வீட்டு நீரில் வளர்வது. மலேரியாவைப் பரப்பும் நுளம்போ காட்டிலும் வயலிலும் குளம்பு பதிந்த குழியிலுங்கூட வளரும். வேலையாட்கள் குடியிருந்த ஊர்களைச் சுற்றி 200 யாருக்குள்ளும் தனி வீடுகளைச் சுற்றி 100 யாருக்குள்ளும் தேங்கும் நீர் வடிக்கப்பட்டது. புல் ஓரடிக்கு மேல் வளரவிடப்படவில்லை. வடிக்கமுடியாத நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. கால்வாய் நெடுகிலும் 21 மருந்துச்சாலைகளிற் கொயினா இலவசமாக வழங்கப்பட்டது; உணவுச்சாலை மேசைகளிலும் உப்பைப்போல அது வைக்கப்பட்டிருந்தது. 1906இல் வேலைசெய்த 26,000 பேருள் 21,000க்கு மேற்பட்டோர் எப்பொழுதாவது ஒருமுறை மலேரியாவால் வைத்தியசாலையிற் படுத்தனர். 1912இல் வேலையாட்களின் தொகை 50,000க்கு மேலாயிற்று. வைத்தியசாலைக்கு வந்தவர்களோ ஏறத்தாழ 5,600 பேரே. ஆட்கள் இருமடங்காகியும் நோயாளர் தொகை நாலிலொன்றாயிற்று.

1907 முதல் வேலையை நடத்திய இராணுவப் பொறியியலறிஞர் ஜோர்ஜ் கோதல்ஸ் கணக்கிற் கண்டிப்பானவர். நீர் கொல்லும் ஒவ்வொரு நுளம்புக்கும் அரசாங்கத்துக்குப் பத்து டொலர் செலவாகிறது என்பது தெரியுமா என்று அவர் ஒருமுறை கோர்காஸிடம் கேட்டார். அந்தப் பத்து டொலர் நுளம்பு ஒன்று தங்களைக் கடித்துவிட்டால் நாட்டுக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்று எண்ணிப்பாருங்கள் என்பது கோர்காஸின் மறுமொழி. வேடிக்கையாகச் சொன்ன சொல்லாயினும் அதனுள் ஆழ்ந்த பொருள் உண்டு. கோதல்ஸ் கண்டது செலவின் ஒருபக்கம். செலவிடாவிட்டால் வரும் நட்டம் மறுபக்கம். முதலாவது பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது எந்தச் சீட்டிலும் இராது. அதனாலேயே அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அந்த எழுதப்படாத கணக்கைக் கோர்காஸ் பின்னர் எழுதிக் காட்டினார். அவருடைய கணக்கின்படி, வைத்தியசாலைச் செலவு நீங்கலாகச் சுகாதார வேலைக்கு மாத்திரம் ஆனது, அப்பிரதேச மக்களுள் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதம். பத்தாண்டுகளிலும் சராசரி 39,000 பேர் வேலைசெய்தனர். பிரெஞ்சுக்காரரிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 200க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது அவருடைய மதிப்பீடு. அமெரிக்கர் காலத்தில் ஆயிரத்துக்கு 17 பேரே இறந்தனர். பழைய வீதமே நீடித்திருந்தால் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் கூடுதலாக மடிந்திருக்கும். பிரெஞ்சுக்காரரிடையே எந்நாளும் மூன்றிலொருவர் நோயாளியாகக் கிடந்தனர் என அவர் கணித்தார். அமெரிக்கர் காலத்தில் எந்நாளும் நோயாளியாயிருந்தவர் ஆயிரத்துக்கு 23 பேர். நோயாளி ஒருவரைப் பராமரிக்க நாளுக்கு ஒரு டொலர் எனக் கொண்டாலும் மிச்சமான தொகை 39 மில்லியன் டொலருக்கு மேலாகும் என்று அவர் காட்டினார். பழைய வீதங்கள் அவருடைய மதிப்பீடுகளே. ஆயினும் அவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், செலவும் பயனும் மடுவும் மலையும் போல வேறுபடுகின்றன.

கணக்கில் வராத பயன்களும் இருந்தன. பனாமாவில் வேலை என்றால் மரணம் என்றிருந்த அச்சம் நீங்கியதும் தேர்ந்த தொழில்வல்லுநர் தாமாகவே வரத்தொடங்கினர், வந்தவர் தங்கினர், தங்கியவர் வேலையிற் பழகினர். மண்வாரி இயந்திரத்தை ஓட்டுபவன் வாரத்துக்கு ஒருவனாக மாறினால், இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் என்ன பயன்? 1914 ஆகஸ்டு 15ஆம் தேதி அங்கோன் என்ற கப்பல் கால்வாய் வழியாகச் சென்றது. முழுச்செலவு ஏறத்தாழ 375 மில்லியன் டொலர். 1907இல் மதிப்பிட்டிருந்த தொகையைவிட அது 23 மில்லியன் குறைவு. பெருவேலைகளின் வரலாற்றில் இத்தகைய முடிவு அரிதாகவே காணப்படும்.

இவ்வளவுடன் கதையை நிறுத்தினால் அது பாதி உண்மையாகவே முடியும். பனாமாவிற் சம்பளப்பட்டியல் இரண்டு இருந்தன. பொன் பட்டியலிற் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்; வெள்ளிப் பட்டியலிற் பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்புத் தொழிலாளர். பார்படோஸிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 20,000 பேர் ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தனர். மணிக்குப் பத்துச் சதம். நாளுக்குப் பத்து மணி வேலை. பொன் பட்டியலினரின் வீடுகளுக்குக் கம்பி வலை இடப்பட்டது. வெள்ளிப் பட்டியலினரின் நெருக்கமான தங்குமடங்களுக்கு அது பெரும்பாலும் இடப்படவில்லை. ஒரே கூரையின்கீழ் 72 பேர் அடுக்குக் கட்டில்களிற் படுத்தனர். மழையில் நனைந்த உடையை மாற்ற வேறு உடை இல்லை. உலர்த்த இடமும் இல்லை. மஞ்சட் காய்ச்சல் பெரும்பாலும் வெள்ளையரை வாட்டிய நோய். அது முதலில் ஒழிந்தது. கறுப்புத் தொழிலாளரைக் கொன்றது நியுமோனியாச் சுரம். 1906இல் அது கொடுமையாகப் பரவியது. தங்குமடங்களைவிட்டு வெளியேறிய தொழிலாளர் தம் மனைவி மக்களுடன் சிறுகுடில் கட்டி, காய்கறித் தோட்டமிட்டு வாழத்தொடங்கியபின்னரே அச்சாவுகள் பெரிதும் குறைந்தன. நெருக்கமே அவர்களுடைய கூற்றுவன் என்பதைக் கோர்காஸ் அப்பொழுது கண்டார்.

விபத்துகளும் அவ்வாறே. மலை சரிந்தது, புகையிரதம் மோதியது, வெடிமருந்து காலந்தப்பி வெடித்தது. 1908 டிசெம்பர் 12ஆம் தேதி பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்திலே 20 தொன் வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, அபாயமான அரசாங்க வேலைகளில் ஊறுபட்டோருக்கு ஓராண்டு வரையிற் சம்பளம் கிடைக்க வழிசெய்தது. கால்வாய் வேலையும் அதில் அடங்கியது. 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் இறந்தோர் தொகை அரசாங்கப் பதிவின்படி 5,609. அவர்களுள் ஏறத்தாழ 4,500 பேர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். வெள்ளை அமெரிக்கர் ஏறத்தாழ 350 பேர். சராசரிக் கணக்கு எவ்வளவு அழகாயிருப்பினும், அதனுள்ளே யாருடைய பாதுகாப்பு முதலில் எண்ணப்பட்டது, யாருடையது பின்னர் எண்ணப்பட்டது என்பதை இத்தொகைகள் சொல்லிவிடுகின்றன.

பனாமாவின் பாடம் பிற தொழிலதிபரின் காதிலும் விழுந்தது. தென்னாபிரிக்காவின் பொற்சுரங்கங்களிலே ஆபிரிக்கத் தொழிலாளர் நியுமோனியாவால் மிகப்பலராக இறந்துகொண்டிருந்தனர். வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்தவர்களின் சாவு தாங்கமுடியாத அளவை எட்டியதால், அப்பகுதிகளிலிருந்து ஆள் சேர்ப்பதை 1913இல் அந்நாட்டு அரசாங்கம் தடைசெய்தது. ஆளில்லாமற் பொன் எடுப்பது எவ்வாறு? திரான்சுவால் சுரங்க முதலாளிகள் சங்கம் கோர்காஸை அழைத்தது. அவர் சென்று பார்த்து, பனாமாவிற் கண்டதையே அங்கும் கண்டார். படுக்கும் இடத்தை விரிவாக்குக, உணவைத் திருத்துக, நல்ல வைத்தியசாலைகளை அமைத்திடுக, எல்லாவற்றினும் மேலாகத் தொழிலாளர் குடும்பத்துடன் தனிக்குடில்களில் வாழவிடுக என்று 1914இல் எழுதினார். அவருடன் பனாமாவிற் பணிபுரிந்த ஓரன்ஸ்டைன் என்ற வைத்தியர் ஒரு பெரிய சுரங்கக் கம்பனிக் குழுவின் சுகாதாரத் தலைவராக நியமிக்கப்பட்டார். வைத்தியசாலைகள் சீர்பெற்றன, காலப்போக்கிற் சாவும் குறைந்தது. ஆனால் குடும்பத்துடன் வாழும் உரிமை மாத்திரம் வழங்கப்படவில்லை. வேலியிட்ட ஆண்களின் தங்குமடங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. இலாபத்துக்கு உதவும் என்று உடனே தெரிந்த சீர்திருத்தத்தை முதலாளிகள் ஏற்றனர், அதற்கப்பாற்பட்டதை விட்டுவிட்டனர்.

தொழிலாளரின் நலம் முதலாளிக்கும் இலாபம் என்னும் வாதத்தின் வலிமையும் எல்லையும் இவ்விரு வரலாறுகளிலும் ஒருங்கே புலனாகின்றன. இரக்கத்தால் திறவாத கதவுகளை அவ்வாதம் திறந்தது. அட்மிரல் வோக்கரின் சிக்கனம் தோற்றதும் ஸ்டீவன்ஸின் செலவு வென்றதும் அதற்குச் சான்று. ஆனால் கணக்கு மாத்திரமே வழிகாட்டியானால், எளிதில் மாற்றீடு கிடைக்காதவனுடைய உயிர் முதலிலும், எளிதிற் கிடைப்பவனுடைய உயிர் இறுதியிலும் காக்கப்படும். எனவேதான் பிற்காலத்து நாடுகள், தொழிற்சாலைச் சட்டத்தையும் நட்டஈட்டுச் சட்டத்தையும் பரிசோதகரையும் தொழிற்சங்கத்தையும் அக்கணக்குக்குத் துணையாக வைத்தன.

கோர்காஸும் இதனை உணராதவரல்லர். பனாமாவை விட்டு நீங்கியபின் அமெரிக்க இராணுவத்தின் தலைமை வைத்தியராக உயர்ந்த அவர், சுகாதார முறைகளுள் எதனை முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்பதுபற்றி 1914இற் பேசினார். நுளம்பையும் குழாய்நீரையும் கம்பிவலையையும் பற்றியே அவர் பேசுவார் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவர் கூறியதோ, தொழிலாளியின் கூலியை இரட்டிப்பாக்குக என்பது. நல்ல கூலி பெறுபவன் நல்ல உணவு உண்பான். நெருக்கமில்லாத வீட்டில் வாழ்வான். நோய் அவனை எளிதில் அணுகாது என்பது பனாமாக் குடில்களிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம். 1920இல் மேற்கு ஆபிரிக்காவில் மஞ்சட் காய்ச்சலை ஆராயச் செல்லும் வழியில் அவர் இலண்டனிற் காலமானார்.

கால்வாயில் இன்றும் கப்பல்கள் செல்கின்றன. அங்கோன் குன்றின் சாரலில், நீர்க்கிண்ணங்களுள் கட்டிற்கால்களை நிறுத்திய வைத்தியசாலை இருந்த இடத்திலே எழுந்த புதிய வைத்தியசாலைக்குப் பின்னாளிற் கோர்காஸின் பெயர் இடப்பட்டது. வெள்ளிப் பட்டியலிற் பெயர் பதிந்து மாண்ட ஆயிரக்கணக்கானோர் அந்தக் கால்வாயின் இருமருங்கிலும் துயில்கின்றனர். அவர்களுட் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.